ரஜௌரிக்கு வழி திறந்த ராணே: கர்நாடகம் தந்த பரம்வீர் சக்ரா வீரரின் வாழ்க்கை

பெங்களூரு, ஜூன் 26: சுதந்திர இந்தியா சந்தித்த முதல் போரில், டாங்கிகளும் காலாட்படையும் ஒரு மலைச்சாலையில் மேலே செல்ல இயலாமல் நின்றன. அவற்றுக்கு முன்னால் நடந்து சென்று கண்ணிவெடிகளை அகற்றி, மரத்தடைகளைத் தகர்த்து, நான்கு நாள்களில் அந்தச் சாலையைத் திறந்து கொடுத்தவர் செகண்ட் லெப்டினன்ட் ராமா ராகோபா ராணே. நாட்டின் மிக உயரிய போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ராவைப் பெற்றவர்களில் கர்நாடக மண்ணில் பிறந்த ஒரே வீரர் அவர். இன்று அவரது பிறந்த நாள்.

பரம்வீர் சக்ரா என்றதும் பகைவரின் அரணை நோக்கிப் பாய்ந்தவர்களும், கடைசித் தோட்டா வரை நிலையைக் காத்தவர்களுமே பெரும்பாலும் நினைவுக்கு வருவர். ராணேயின் வீரம் வேறு வகையைச் சேர்ந்தது. குண்டு மழைக்கு நடுவே மண்ணில் மண்டியிட்டு, அவசரப்படாமல், கைநடுங்காமல் செய்யவேண்டிய வேலையை அவர் நான்கு நாள்கள் தொடர்ந்து செய்தார். காயம்பட்ட உடலோடு செய்தார். தம்மோடு இருந்த சிறு குழுவையும் கலையவிடாமல் நடத்திச் சென்றார்.

காவலர் வீட்டுப் பிள்ளை

இன்றைய உத்தரக் கன்னட மாவட்டத்தில், அரபிக் கடலோரத்திலுள்ள கார்வாருக்கு அருகே செண்டியா என்ற சிற்றூர் உள்ளது. 1918ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அங்குள்ள கொங்கணி பேசும் குடும்பமொன்றில் ராணே பிறந்தார். தந்தை ராகோபா ராணே மாவட்டக் காவல் துறையில் காவலராகப் பணியாற்றினார். காவலர் பணி என்பதால் குடும்பம் ஊர் ஊராக மாறவேண்டியிருந்தது. பிள்ளையின் பள்ளிப் படிப்பும் அதற்கேற்ப ஊருக்கு ஊர் அறுபட்டும் ஒட்டியும் நடந்தது.

அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1930இல், உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் பரவியது. கார்வாரை அடுத்த அங்கோலா அந்தப் போராட்டத்தின் முக்கியக் களங்களில் ஒன்று. விடுதலை வேட்கை சிறுவன் ராமாவையும் தொற்றிக்கொண்டது. அரசாங்கக் காவலரின் மகன் ஆங்கில ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் ஈர்க்கப்படுவதைக் கண்டு தந்தை அஞ்சினார். குடும்பத்தைச் சொந்த ஊரான செண்டியாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

பத்தாண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த காலத்தில், அதே இளைஞர் படையில் சேர்ந்தார். 1940ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பம்பாய் பொறியாளர் படைப்பிரிவில் சாதாரண வீரராக அவர் பதிவு செய்துகொண்டபோது வயது 22. பயிற்சியில் அந்த அணியின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்று, படைத் தலைவரின் பிரம்பைப் பரிசாகப் பெற்றார். பயிற்சி முடிந்ததும் நாயக் பதவி கிடைத்தது.

சாப்பர்கள் என்போர் யார்?

ராணே சேர்ந்த படையின் பணியைத் தெரிந்துகொண்டால்தான் பின்னாளில் அவர் செய்த செயலின் அருமை விளங்கும். படையில் பாலம் கட்டுவோர், சாலை அமைப்போர், ஆற்றைக் கடக்க வழி செய்வோர், கண்ணிவெடி புதைப்போர், புதைத்ததை எடுப்போர் எல்லோரும் பொறியாளர் படையினரே. சாப்பர்கள் என்பது அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் பெயர். இந்தியப் படையில் மூன்று பெரும் சாப்பர் குழுக்கள் உள்ளன. மெட்ராஸ் சாப்பர்கள் பெங்களூரிலும், வங்காள சாப்பர்கள் ரூர்க்கியிலும், பம்பாய் சாப்பர்கள் புணேயை அடுத்த கிர்க்கியிலும் தலைமையிடம் கொண்டுள்ளனர்.

பெங்களூரு அல்சூர் ஏரிப் பகுதியில் வசிப்போருக்கு மெட்ராஸ் சாப்பர்களின் மையம் நன்கு அறிமுகமானது. 1780இல் தொடங்கும் வரலாறு கொண்ட இந்தக் குழுவின் வீரர்களைப் படை வட்டாரத்தில் இன்றும் ‘தம்பி’கள் என்றே அழைப்பர். கர்நாடகத்தில் பிறந்த ராணே பெங்களூருக்கு வராமல் கிர்க்கியின் படையில் சேர்ந்ததில் வியப்பில்லை. கார்வார் அந்நாளில் பம்பாய் மாகாணத்தின் பகுதியாக இருந்தது. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போதுதான் அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது.

கண்ணிவெடிகளோடு போராடிப் பெரும் விருது பெற்றவர்கள் சாப்பர்களிடையே ராணேக்கு முன்பும் இருந்தனர். 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் அபிசீனிய எல்லையில், செகண்ட் லெப்டினன்ட் பிரேமிந்திர சிங் பகத் நான்கு நாள்கள் இடைவிடாது 15 கண்ணிவெடி வயல்களை அகற்றி, 55 மைல் நீளத்துக்குப் பாதை அமைத்தார். அதற்காக அவர் விக்டோரியா கிராஸ் விருது பெற்றார். அவரும் பம்பாய் சாப்பர்களோடு பணியாற்றியவரே. 1944ஆம் ஆண்டு பிப்ரவரியில் இத்தாலியில், மெட்ராஸ் சாப்பர்களைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது தம் உடலைக் கிடத்தி, உடனிருந்தவர்களைக் காத்து உயிர்நீத்தார். தமிழரான அவருக்கு மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

அரக்கானில் கற்ற பாடம்

பயிற்சி முடித்த ராணே 28ஆவது களக் கம்பெனியில் சேர்க்கப்பட்டார். பர்மாவில் ஜப்பானியரோடு போரிட்ட 26ஆவது காலாட்படை டிவிஷனின் ஒரு பகுதி அது. அரக்கான் பகுதியிலிருந்து படை பின்வாங்கியபோது, புத்திடாங் என்ற இடத்தில் இருந்த முக்கியமான பொருள்கள் பகைவர் கையில் சிக்காதபடி அழிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு சிறு பிரிவுகளோடு அவர் பின்தங்கினார். வேலை முடிந்ததும் கடற்படைக் கலம் வந்து அவர்களை ஏற்றிச் செல்வது ஏற்பாடு.

வேலை முடிந்தது, கலம் வரவில்லை. ஜப்பானியர் ரோந்து சுற்றிய ஆற்றைக் கடந்தாலொழிய தப்ப வழியில்லை என்ற நிலை. ராணே தம் வீரர்களைப் பகைவரின் கண்ணில் படாமல் ஆற்றைக் கடக்கச் செய்து, பாவ்லி பஜாரில் இருந்த டிவிஷனோடு கொண்டு சேர்த்தார். ஹவில்தார் பதவி உயர்வு அவரைத் தேடி வந்தது. மேலிடத்து உத்தரவும் உதவியும் எட்டாத நேரத்தில் கையில் இருக்கும் ஆள்களையும் பொருள்களையும் கொண்டு முடிவெடுக்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே அமைந்துவிட்டது.

போர் முடிந்து நாடு விடுதலை பெற்ற பின், 1947ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் அவர் பொறியாளர் படையில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். அதிகாரிகள் வரிசையில் அது அந்நாளில் மிகக் கீழ்ப்படி. வழக்கமாக இருபது, இருபத்தொரு வயதில் அந்தப் பதவியை அடைவோர் உண்டு. ராணேக்கு அப்போது வயது 29. தோளில் ஒற்றை நட்சத்திரம் ஏறியபோது அவருக்குப் பின்னால் ஏழாண்டுக்கும் மேற்பட்ட படை வாழ்க்கை இருந்தது. பதவியேற்ற நான்கு மாதங்களுக்குள் ஜம்மு காஷ்மீரில் அவரது பெரும் சோதனை வந்தது.

ரஜௌரி காத்திருந்தது

1947 அக்டோபரில் ஊடுருவல் படைகள் காஷ்மீருக்குள் புகுந்தன. அதைத் தொடர்ந்து ஜம்மு பகுதியின் மேற்கு மலைப்பிரதேசமும் போர்க்களமானது. நவம்பர் மாதத்தில் ரஜௌரி நகரம் ஊடுருவல்காரர் வசமானது. அங்கு அடைக்கலம் புகுந்திருந்த பெருந்தொகையான பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் ஜங்கர் வீழ்ந்தது. அவ்வட்டாரத்தில் இந்தியப் படையின் கையில் உறுதியாக நின்ற ஊர் நௌஷேரா.

1948 பிப்ரவரி 6ஆம் நாள் நௌஷேராவைக் கைப்பற்றப் பகைவர் நடத்திய பெருந்தாக்குதலைப் பிரிகேடியர் முகமது உஸ்மான் தலைமையிலான படை முறியடித்தது. அன்றைய போரில் உயிர்நீத்த நாயக் ஜதுநாத் சிங்குக்குப் பின்னாளில் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. மார்ச் 18ஆம் நாள் ஜங்கர் மீட்கப்பட்டது. அடுத்த இலக்கு ரஜௌரி. அங்கு உயிர் தப்பி ஒளிந்திருந்த மக்களுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியமாக இருந்தது.

நௌஷேராவிலிருந்து ரஜௌரி செல்லும் வழி புதியதன்று. முகலாயப் பேரரசர்கள் கோடைக்காலத்தில் காஷ்மீர் செல்லப் பயன்படுத்திய பழைய பாதையின் ஒரு பகுதி அது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள சிங்கஸ் என்ற இடத்தில் முகலாயர் காலச் சத்திரம் இன்றும் நிற்கிறது. பாதை மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து செல்லும். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் தவி ஆற்றை நோக்கி இறங்கும் பள்ளம்.

இத்தகைய சாலையில் டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செல்ல இயலும். முதல் டாங்கி நின்றால் பின்னால் வரும் படை முழுவதும் நிற்கும். நிற்கும் படை மேலே மலைமுகட்டில் இருக்கும் துப்பாக்கிகளுக்கு எளிய இலக்கு. பகைவர் இதை நன்கு அறிந்திருந்தனர். பைன் மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தனர், சிறுபாலங்களைத் தகர்த்தனர், சாலையின் ஓரக்கரைகளை வெடிவைத்துச் சரித்தனர், இடையிடையே கண்ணிவெடிகளைப் புதைத்தனர். ஒவ்வொரு தடைக்கும் எதிரே இயந்திரத் துப்பாக்கியையும் நிறுத்தி வைத்தனர். காவல் இல்லாத தடையைச் சில நிமிடங்களில் நீக்கிவிடலாம். துப்பாக்கியின் குறிக்குள் இருக்கும் தடையை நீக்கப் போகிறவர் அந்தக் குறிக்குள் தாமே நடந்து சென்று அமரவேண்டும்.

ஏப்ரல் 8: தொடக்கத்திலேயே இழப்பு

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் நௌஷேரா - ரஜௌரி சாலையின் 26ஆவது மைலில் கண்ணிவெடிகளையும் சாலைத் தடைகளையும் அகற்றும் குழுவின் பொறுப்பு ராணேயிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அப்போது 37ஆவது தாக்குதல் களக் கம்பெனியைச் சேர்ந்தவர். முற்பகல் 11 மணிக்கு, நத்பூர் தெற்கு என்ற இடத்துக்கு அருகே, வேலையைத் தொடங்குவதற்காக அவரும் குழுவினரும் டாங்கிகளின் அருகே காத்திருந்தனர்.

அப்போது அந்த இடத்தின்மீது மோர்ட்டார் குண்டுகள் சரமாரியாக விழுந்தன. குழுவில் இருவர் அங்கேயே உயிரிழந்தனர். ஐவர் காயமடைந்தனர், அவர்களில் ராணேயும் ஒருவர். வேலை தொடங்கும் முன்பே குழுவில் எழுவர் வீழ்ந்துவிட்டனர் அல்லது காயப்பட்டுவிட்டனர்.

அந்த வேளையில் காயமடைந்த அதிகாரி சிகிச்சைக்காகப் பின்னே சென்றிருந்தால் எவரும் குறைகூறியிருக்கமாட்டார்கள். ராணே எஞ்சியிருந்தவர்களை ஒன்றுதிரட்டினார். வேலைகளை மறுபடி பங்கிட்டார். டாங்கிகள் தாக்குதல் நிலைக்குச் செல்வதற்கான பாதையைச் சீராக்கத் தொடங்கினார். அன்று பகல் முழுவதும் இயந்திரத் துப்பாக்கி, மோர்ட்டார் தாக்குதலுக்கு நடுவே டாங்கிகளின் அருகிலேயே இருந்தார்.

பர்வாலி மலைமுகட்டை டோக்ரா படைப்பிரிவின் நான்காவது பட்டாலியன் தாக்கியது. மாலை நான்கரை மணியளவில் முகடு இந்தியப் படையின் வசமானது. ஆயினும் அப்பகுதியில் பகைவர் முற்றிலும் அகற்றப்படவில்லை என்பதை ராணே அறிந்திருந்தார். அதற்காக மறுநாள் காலை வரை காத்திருக்கவில்லை. தம் குழுவை முன்னே அழைத்துச் சென்று, டாங்கிகள் செல்வதற்கான மாற்றுப்பாதையை வெட்டத் தொடங்கினார். பகைவரின் பார்வையிலேயே, இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, இரவு பத்து மணி வரை அந்த வேலை நடந்தது.

அந்நாள்களின் நிகழ்ச்சிகளைக் கூறும் நூல்கள் ராணே கையாண்ட ஓர் உத்தியையும் சொல்கின்றன. திறந்த வெளியில் நிமிர முடியாத இடங்களில், நகரும் டாங்கியின் அடியில் ஊர்ந்தபடியே அவர் முன்சென்றார் என்றும், கயிறுகளை இழுத்து ஓட்டுநருக்கு நிற்கவும் நகரவும் சைகை தந்தார் என்றும் அவை விவரிக்கின்றன. டாங்கியின் இரும்புடல் அவருக்குக் கூரையாகப் பயன்பட்டது. கீழே தரையில் இருந்த ஆபத்துக்கு அது காப்பாகாது. அதைத் தம் கண்ணாலும் கையாலும்தான் அவர் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

ஏப்ரல் 9: தடைக்குப் பின் தடை

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலை மீண்டும் தொடங்கியது. பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றுப்பாதை டாங்கிகள் செல்லும் அளவுக்குத் தயாரானது. கவசப் படை நகர்ந்தபோது ராணே முன்னணிக் கவச ஊர்தியில் ஏறிக்கொண்டார்.

அரை மைல் செல்வதற்குள் பைன் மரங்களால் ஆன தடை எதிர்ப்பட்டது. இறங்கி, வெடிவைத்து மரங்களைத் தகர்த்தார். படை நகர்ந்தது. மேலும் 300 கஜ தூரத்தில் அதே போன்ற இன்னொரு தடை; அதையும் அவ்வாறே நீக்கினார். மாலை ஐந்து மணி நெருங்கிக்கொண்டிருந்தது. சாலை பாம்பைப் போல் மலையைச் சுற்றி நெளிந்து சென்றது. அடுத்த வளைவில் சிறுபாலம் ஒன்று தகர்க்கப்பட்டுக் கிடந்தது. அவர் வேலையில் இறங்குவதற்கு முன்பே இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. அந்தச் சூட்டுக்கு நடுவே மாற்றுவழி அமைத்துப் படையை நகர்த்தினார்.

போகப்போகத் தடைகள் நெருங்கின. ஒவ்வொன்றையும் வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டே சென்றார். மாலை ஆறே கால் மணிக்கு வெளிச்சம் மங்கும் நேரத்தில், ஐந்து பெரிய பைன் மரங்களால் ஆன தடை ஒன்று எதிரே நின்றது. அதைச் சுற்றிலும் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. இயந்திரத் துப்பாக்கியும் அதைக் குறிபார்த்திருந்தது. ராணே கண்ணிவெடிகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கிவிட்டார். அன்றே அதை முடித்துவிட உறுதிகொண்டிருந்தார். நிலைமையைக் கணித்த கவசப் படைத் தலைவர், இருட்டில் முன்னேறுவது தகாது என முடிவு செய்து படையை இரவுக் காப்பிடத்துக்குத் திருப்பினார்.

ஏப்ரல் 10: சிங்கஸ் வரை

விடியும் முன்பே, அதிகாலை 4.45 மணிக்கு, விட்ட இடத்திலிருந்து ராணே தொடர்ந்தார். ஒரு பிரிவு டாங்கிகள் துணைநின்றன. துப்பாக்கிச் சூடு ஓயவில்லை. காலை ஆறரை மணிக்கு ஐந்து மரத் தடை நீங்கியது.

அதற்கு அப்பால் இருந்த ஆயிரம் கஜ தூரம் முழுவதும் தடைகளும் சரிக்கப்பட்ட கரைகளுமாகக் கிடந்தது. அப்பகுதி முழுவதும் பகைவரின் துப்பாக்கி எல்லைக்குள் இருந்தது. ஒரு தடையை முடித்துவிட்டு மூச்சு வாங்க இடமில்லை; முடித்த இடத்திலேயே அடுத்தது தொடங்கியது. காலை பத்தரை மணிக்கு, நான்கு மணி நேர உழைப்பில் அந்த ஆயிரம் கஜமும் திறந்தது. கவசப் படை சாலையைவிட்டு தவி ஆற்றுப் படுகையில் இறங்கி முன்னேறியது. பிற்பகல் இரண்டு மணிக்கு டாங்கிகள் சிங்கஸை அடைந்தன.

டாங்கிகள் சென்றுவிட்டதால் ராணேயின் பணி முடிந்துவிடவில்லை. உணவு, எரிபொருள், தோட்டா, மருந்து ஆகியவற்றைச் சுமந்து பின்னால் வரும் லாரிகள் ஆற்றுப் படுகையில் ஓடமாட்டா. அவற்றுக்குச் சாலை வேண்டும். சாலை திறக்காவிட்டால் முன்னே சென்ற டாங்கிகள் தனித்து நிற்கநேரும். ஆகவே அவர் சாலையிலேயே தங்கிவிட்டார். உணவும் ஓய்வும் இன்றி இரவு ஒன்பது மணி வரை வேலையைத் தொடர்ந்தார்.

ஏப்ரல் 11: சாலை திறந்தது

நான்காம் நாள் காலை ஆறு மணிக்குப் பணி தொடங்கி, முற்பகல் 11 மணிக்கு சிங்கஸ் வரை சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அத்துடன் நில்லாமல், சிங்கஸுக்கு அப்பாலும் அன்று இரவு பத்து மணி வரை அவர் வழி அமைத்துக்கொண்டே சென்றார்.

நான்கு நாள்களின் நேரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், காயம்பட்ட பிறகு அவர் சுமார் 55 மணி நேரம் அந்தச் சாலையில் பணியில் இருந்திருக்கிறார். இடையே கிடைத்தவை மூன்று இரவுகளின் சில மணி நேரங்கள் மட்டுமே.

ஏப்ரல் 12ஆம் நாள் இந்தியப் படை ரஜௌரிக்குள் நுழைந்தது. நகரம் பெரும்பாலும் பாழாகியிருந்தது. மாதக்கணக்கில் அச்சத்தில் கிடந்த மக்கள் வெளியே வந்தனர். ஏப்ரல் 13ஆம் நாளை ரஜௌரி நாளாக அம்மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

கீழ்ப்படியில் இருந்தவரின் தலைமை

ராணேயின் கீழ் இருந்தது சிறு குழுவே. ஆயினும் அந்த நான்கு நாள்களில் ஒரு பெரும் படையின் வேகத்தைத் தீர்மானித்தவர் அவர்தான். அவர் ஒரு தடையை நீக்க எடுத்துக்கொண்ட நேரமே, பின்னால் இருந்த டாங்கிகளும் காலாட்படையும் காத்திருந்த நேரம். பிரிகேடியரும் கர்னலும் வகுத்த திட்டம் நிறைவேறுவதும் தடைப்படுவதும், மண்டியிட்டு மண்ணைத் துழாவிய ஓர் இளநிலை அதிகாரியின் விரல்களில் இருந்தது.

அவரது தலைமை கூடுதலும் சோதிக்கப்பட்டது முதல் நாள் முற்பகல் 11 மணிக்குத்தான் என்று கூறலாம். தோழர்கள் இருவர் கண்ணெதிரே இறந்து கிடக்கையில், காயமடைந்தவர்கள் முனகிக்கொண்டிருக்கையில், எஞ்சியோரை மறுபடியும் அதே ஆபத்தை நோக்கி அழைத்துச் செல்ல வெறும் உத்தரவு போதாது. அழைப்பவர் முன்னே நடக்கவேண்டும். ராணே முன்னே நடந்தார். அதுவும் இரத்தம் கசியும் உடலோடு நடந்தார். சாதாரண வீரராகவும் நாயக்காகவும் ஹவில்தாராகவும் அதே வேலையைத் தம் கையால் செய்து பழகியவர் என்பதால், குழுவினரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

துணிச்சலோடு நிதானமும் அவரிடம் இருந்தது. கண்ணிவெடி அகற்றும் பணியில் ஆவேசம் உதவாது. ஒரு கணப் பதற்றம், ஒரு தவறான அசைவு, உடனிருப்போர் அனைவரின் உயிரையும் பறித்துவிடும். மேலே துப்பாக்கிகள் முழங்கும்போது கையை மெதுவாக இயக்குவது மனித இயல்புக்கே மாறானது. அந்த இயல்பை அவர் ஒரு முறை அடக்கினார் என்றால் பாராட்டலாம். நான்கு நாள்கள், தடைக்குத் தடை அடக்கியதாலேயே அவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது.

விருதும் பின்னைய வாழ்வும்

ராணே சாலையைத் திறந்தபோது பரம்வீர் சக்ரா என்ற விருதே நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், நாடு குடியரசான அன்று, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும் வகையில் அது நிறுவப்பட்டது. வெண்கலத்தாலான அந்தப் பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். நடுவே அரசுச் சின்னமும் அதைச் சுற்றி நான்கு வச்சிராயுதங்களும் பொறிக்கப்பட்ட பதக்கம் அது.

1947-48 காஷ்மீர்ப் போருக்காக ஐவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. மேஜர் சோம்நாத் சர்மா, நாயக் ஜதுநாத் சிங், கம்பெனி ஹவில்தார் மேஜர் பீரு சிங் ஆகிய மூவருக்கும் மறைவுக்குப் பின்னரே அவ்விருது கிடைத்தது. உயிரோடிருந்து அதைப் பெற்றவர்கள் லான்ஸ் நாயக் கரம் சிங்கும் செகண்ட் லெப்டினன்ட் ராணேயும். ராணேக்கான விருது 1950ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரசிதழில் வெளியானது. இன்றுவரை 21 பேரே பரம்வீர் சக்ரா பெற்றுள்ளனர். அவர்களில் 14 பேர் களத்தில் உயிர்நீத்தவர்கள். பொறியாளர் படையிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவர் ராணே ஒருவரே.

விருதுக்குப் பின்னும் அவர் படையிலேயே தொடர்ந்தார். 28 ஆண்டுச் சேவைக்குப் பிறகு 1968இல் மேஜர் பதவியில் ஓய்வுபெற்றார். அந்தக் காலத்தில் ஐந்து முறை அவரது பெயர் போர்க்கள அறிக்கைகளில் சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது. சாதாரண வீரராகத் தொடங்கியவர் மேஜராக முடித்தார். இறுதிக் காலத்தை, தாம் படைவாழ்வைத் தொடங்கிய கிர்க்கிக்கு அருகிலுள்ள புணேயில் கழித்தார். 1994ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் அங்குள்ள இராணுவ மருத்துவமனையில், தமது 76ஆம் வயதில் காலமானார்.

நினைவில் நிற்கும் பெயர்

1980களில் இந்தியக் கப்பல் கழகம் தன் கச்சா எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம்வீர் சக்ரா வீரர்களின் பெயர்களைச் சூட்டியது. அவற்றுள் ஒன்று ராணேயின் பெயரைத் தாங்கி, அவர் வாழ்ந்த காலத்திலேயே கடலில் உலாவியது. 2006ஆம் ஆண்டு நவம்பரில், கார்வார் கடற்கரையில் ஐஎன்எஸ் சாபல் போர்க்கப்பல் அருங்காட்சியகத்துக்கு அருகே அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் அந்தமான் நிக்கோபார் பகுதியின் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டபோது, ஒரு தீவு ராணேயின் பெயரைப் பெற்றது.

போரின் வெற்றியைக் கூறும்போது கைப்பற்றிய ஊர்களின் பெயர்களே முன்னே வரும். அந்த ஊர் வரை செல்லும் சாலையை யார் திறந்தார் என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே எஞ்சும். ரஜௌரியின் வரலாற்றில் மட்டும் அவ்வாறு நேரவில்லை. நௌஷேராவிலிருந்து சிங்கஸ் வழியாக ரஜௌரி செல்லும் மலைப்பாதையில் இன்று பேருந்துகளும் லாரிகளும் சில மணி நேரத்தில் கடந்துவிடுகின்றன. அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் கஜம் கஜமாக மீட்ட மனிதரின் பெயர், அவர் பிறந்த கார்வாரிலும், அவரைப் போன்ற சாப்பர்கள் இன்றும் பயிற்சி பெறும் கிர்க்கியிலும் பெங்களூரிலும் மதிப்போடு உச்சரிக்கப்படுகிறது.